பத்துக் கேள்வியும் என்ர ஒரு பொய்யும்

நான் ஒரு ஆராய்ச்சிக் கூட்டத்துக்குப் போனனான் எண்டு சொன்னா எங்கட பக்ரறியில ஒருத்தரும் நம்பமாட்டினம். நான் படிச்சது ஆறாம் வகுப்பு மட்டும். அதை ரெண்டு வருசம் படிச்சபடியால் நேர்மையாப் பாத்தா ஏழு எண்டும் சொல்லலாம். வேலை, ஆசுபத்திரிப் படுக்கை விரிப்புகள் தோய்க்கிற பக்ரறியில. நேர்ஸ்மாரின்ர தொழிலைப் பற்றி எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்: அவையள் கழட்டிப் போடுவினம், நான் மெசினுக்குள்ள போடுவன்.

கூப்பிட்டதும் என்னையில்லை, என்ர மனுசியை. நான் வீல்செயார் தள்ளிக்கொண்டு போனனான். ஒரு ஆராய்ச்சிக் கூட்டத்துக்கு நாலு சில்லோட போன ஒரே ஆள் நான்தான் எண்டு பேந்து பக்ரறியில பகிடி விடுவம் எண்டு நினைச்சிருந்தன். விடேல்லை. ஏன் எண்டதுதான் இந்தக் கதை.

மனுசிக்கு வலது பக்கம் விளங்காது, அசைக்க ஏலாது. வலது கை மடியில கிடக்கும், ஆரோ வச்சிட்டுப் போன சாமான் மாதிரி. வீட்டுக்குள்ள தடியைப் பிடிச்சு நடப்பா. வெளியில எண்டா வீல்செயார். கதைப்பா, ஆனா ஆறுதலா. ஒவ்வொரு சொல்லையும் எடுத்துப் பாத்துத்தான் வெளியில விடுவா. பதின்மூண்டு வருசமா இப்பிடித்தான். மகள் பிறந்து ஆறாம் நாள் வந்த பாரிசவாதம்.

அவவைப் பாக்கிற கிளினிக் நேர்ஸ் ஒருநாள் ஒரு பேப்பர் தந்துவிட்டவ. விசயம் என்னெண்டா, நேர்ஸ்மாரும் மருத்துவிச்சிமாரும் தங்கட தொழிலில எதை முதல் ஆராயவேணும் எண்டு முடிவெடுக்கப் போகினமாம். எல்லாத்தையும் ஒரேயடியா ஆராய ஏலாதுதானே. அதால நேர்ஸ்மாரிட்டயும் கேக்கினம், நோயாளியளிட்டயும் கேக்கினம்: உங்களுக்கு விடை தெரியாத கேள்வி என்ன? வாற கேள்வியளைக் குவிச்சு, வடிச்சு, கடைசியில ஒருநாள் எல்லாரும் கூடி இருந்து பத்தே பத்தைத் தெரிவினம். அந்தப் பத்தையும்தான் அடுத்த கொஞ்ச வருசத்துக்கு ஆராய்வினம்.

ஸ்காபரோவில, மோர்னிங்சைட் பக்கம் எங்கட அப்பாட்மென்ற் குசினியில வச்சு மகள்தான் அதை வாசிச்சுச் சொன்னவள். நான் அப்ப வெங்காயம் வெட்டிக்கொண்டு நிக்கிறன்.

"அம்மா, நீங்க உங்கட குவெஸ்சனைச் சொல்லுங்கோ. நான் இங்கிலிசில எழுதுறன்."

மனுசி யோசிக்கவேயில்லை. பதின்மூண்டு வருசமா வாய்க்குள்ள வச்சிருந்த கேள்வி போல.

"நான் பிள்ளை பெத்து வீட்ட வந்தாப் பிறகு, ஒரு நேர்சும் ஏன் ஒரு போன் எடுத்து விசாரிக்கேல்லை? எடுத்திருந்தா எனக்கு இது வந்திருக்குமோ?"

கத்தி விரலில ஏறிட்டுது. வெங்காயத்தால ஏற்கனவே கண்ணீர் வந்துகொண்டிருந்தது நல்லதாப் போச்சு.

"உதெல்லாம் இப்ப ஏனப்பா?" எண்டன். "பழசைக் கிண்டி. உவையள் பெரிய படிச்ச சனம், நீர் கேட்டோண்ணை பதில் சொல்லப் போகினமே?"

"உங்களையே கேட்டது?" எண்டா மனுசி. "நீங்கள் வெங்காயத்தைப் பாருங்கோ."

மகள் என்னைத் திரும்பிப் பாத்தவள். "அப்பா, இற்ஸ் லைக், ரியலி இம்போட்டன்ற். ஒரு போன் கோல். ஒண்டே ஒண்டு. அதைக்கூட அவை செய்யேல்லை."

நான் விரலைப் பைப்புக்குக் கீழ பிடிச்சன்.

ஏனெண்டா அந்தப் போன் வந்தது. நான்தான் எடுத்தனான்.

அதை முழுசாச் சொல்லவேணும். அப்ப நாங்கள் வோபர்ன் பக்கம், ஒரு வீட்டுக்குக் கீழ நிலத்துக்குள்ள இருக்கிற பேஸ்மென்றில இருந்தம். அதுக்குள்ள இருக்கேக்க வெளியில மழையோ வெயிலோ எண்டு ஆரும் வந்து சொன்னாத்தான் தெரியும். யன்னல் எண்டு ஒண்டு இருந்தது, என்ர தலை போகாத அளவில. நெருப்புப் பிடிச்சா நான் வெந்துதான் போகவேணும், மனுசி மெலிவெண்டபடியா ஒருவேளை தப்பலாம் எண்டு சொல்லிச் சிரிக்கிறனான். சட்டப்படி அதை வாடகைக்கு விடப்படாது. மேல் வீட்டில இருந்த வீட்டுக்கார அண்ணை நாங்கள் வரேக்கயே சொல்லிப்போட்டார்: "தம்பி, உமக்குப் பிள்ளை பிறக்கப்போகுது, எனக்குச் சந்தோசம். ஆனா கவுண்மென்ற் ஆக்கள் ஒருத்தரும் இந்தப் படியால இறங்கப்படாது. இறங்கினா உமக்கும் இடமில்லை, எனக்கும் வீடில்லை."

நான் ஓமெண்டன். நான் எல்லாத்துக்கும் ஓமெண்டுறவன். எங்கட ஊரில சென்றியில மறிச்சுச் சோதிச்ச ஆமிக்காரன் என்ன கேட்டாலும் "எல்லாம் சரி சேர்" எண்டு சொல்லிச் சொல்லித்தான் நான் உயிரோட வளந்தனான். இஞ்ச வந்தும் அதுதான். இமிகிறேசனில "எவ்ரிதிங் குட்". பல்லு டொக்ரர் நோகுதோ எண்டு கேட்டா, வாயைத் திறந்தபடியே "குட், குட்". மனுசன் விறைக்க முதலே கிண்டத் துவங்கிட்டார். அண்டைக்கு நான் அழுததை அவர் நன்றியெண்டு நினைச்சிருப்பார்.

மகளோட ஆசுபத்திரியால வந்து ரெண்டாம் நாள், காலமை பத்துமணி போல போன் அடிச்சுது. மனுசி கட்டிலில இருந்து பிள்ளைக்குப் பால் குடுத்துக்கொண்டிருக்கிறா. தலையில கம்பளித் தொப்பி, காதுக்குள்ள பஞ்சு. முதல்நாள் இருந்து அவவுக்குத் தலையிடி. தலையில முழுகினதால பனி பிடிச்சிட்டுது எண்டு அவவும் சொன்னா, நானும் சொன்னன். ரெண்டு டொக்ரரும் ஒரே கருத்து! தைலம் பூசிவிட்டன். கண்ணுக்கு முன்னால மின்மினி மாதிரி ஏதோ பறக்குது எண்டும் சொன்னவ. நித்திரை இல்லாட்டி அப்பிடித்தான் எண்டு நானே முடிவு சொல்லிப்போட்டன்.

போனில ஒரு பொம்பிளை. வடிவான, ஆறுதலான குரல். தான் சுகாதாரப் பகுதி நேர்ஸ் எண்டவ. பேரும் சொன்னவ. தாயோட கதைக்கலாமோ எண்டு கேட்டவ. தாய்க்கு இங்கிலிஸ் இல்லை, நான்தான் புருசன், என்னட்டயே கேளுங்கோ எண்டன்.

பால் குடிக்குதோ? குட். ரத்தம் கூடப் போகுதோ? நோ, குட். காய்ச்சல்? நோ. தலையிடி இருக்கோ, கண் பார்வையில ஏதும் வித்தியாசம் இருக்கோ?

அந்தக் கேள்வி எனக்கு விளங்கினது. இங்கிலிஸ் தெரியாமல் பிழை விட்டனான் எண்டு சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனா விளங்கினது. நான் கட்டிலைப் பாத்தன். மனுசி கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையால நெத்தியை அமத்திப் பிடிச்சிருக்கிறா. நான் வாயைத் திறக்க முதல் நேர்ஸ் சொன்னா, "ஏதும் இருந்தாப் பரவாயில்லை, நான் பின்னேரம் வீட்ட வந்து பாப்பன்."

வீட்ட வந்து. இந்தப் படியால இறங்கி. இந்த யன்னலைப் பாத்து.

"நோ, நோ. எவ்ரிதிங் வெரி குட். நோ நீட் டு கம்," எண்டன். பிறகு ஒரு பகிடியும் விட்டன்: "பேபி குட், மதர் குட், ஒன்லி ஃபாதர் நோ ஸ்லீப்." நேர்ஸ் சிரிச்சிட்டா. என்ர பகிடிக்கு இங்கிலிசில சிரிச்ச முதல் ஆள் அவதான். போனை வைக்கேக்க எனக்குப் பெருமையா இருந்துது.

"ஆரப்பா?" எண்டா மனுசி, கண் திறக்காமல்.

"போன் கொம்பனிக்காரர். ஏதோ விக்க வந்தவங்கள்."

ரெண்டு நாளால, பின்னேரம் நான் வேலைக்கு வெளிக்கிடேக்க, மனுசி பிள்ளையோட குசினி வாசலில சரிஞ்சவ. பிள்ளையை விடேல்லை. விளங்காத பக்கம் கீழ போக, விளங்கின கையால பிள்ளையை நெஞ்சோட பிடிச்சபடிதான் விழுந்தவ. மகளுக்கு ஒரு கீறலும் இல்லை. இரத்த அழுத்தம் ஏறி மூளையில ரத்தக் குழாய் வெடிச்சது எண்டு டொக்ரர் சொன்னார். பிள்ளை பெத்த பிறகும் அது வரலாமாம். தலையிடிதான் அடையாளமாம். முதலே தெரிஞ்சிருந்தா மருந்து இருக்காம். "வீட்டுக்கு நேர்ஸ் போன் எடுத்தவவோ?" எண்டு கேட்டார்.

"நோ," எண்டன். "நோபடி கோல்."

ஏன் சொன்னன்? என்னை மறியலில அடைப்பங்கள் எண்டு நினைச்சன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடுவங்கள் எண்டு நினைச்சன். விசர்தான். ஆனா ஒருக்காச் சொன்னா அது நிண்டிடும். மனுசி கண் முழிச்சுக் கேக்கேக்க அவவுக்கும் அதையே சொன்னன். சொந்தக்காரருக்குச் சொன்னன், கோயிலில சொன்னன். மகள் வளர வளர அவளுக்கும் சொன்னன். "எங்கட வீட்டுக்கு மட்டும் ஒரு நேர்சும் போன் எடுக்கேல்லை." கொஞ்சக் காலம் போக, எனக்கே அந்த நேர்ஸில கோவம் வந்துது. அப்பிடி ஒரு நல்ல நடிகன் நான்.

சரி, கூட்டத்துக்கு வருவம். பெப்ரவரி மாசம், சனிக்கிழமை. ஸ்காபரோவில ஒரு கொலிஜ் கட்டிடம். வீல்செயார் பஸ் எங்களை வாசலில இறக்கிவிட்டுது. உருக்கிறதுக்கு உப்புப் போடாத பனியில தள்ளி, உள்ள போறதுக்கிடையில எனக்கு ஆராய்ச்சியில வெறுப்பு வந்திட்டுது. உள்ள முப்பது பேர் இருக்கும். அரைவாசி நேர்சும் மருத்துவிச்சியும், மற்றவை எங்களைப்போல அடிபட்ட சனம். எனக்கும் ஒரு பேர் மட்டை குத்திவிட்டினம். என்ர பேருக்குக் கீழ 'உதவியாள்' எண்டு இங்கிலிசில போட்டிருக்கு. நான் அதைச் சட்டைப் பொத்தானுக்குப் பின்னால தள்ளிவிட்டன்.

மனுசிக்கு மொழிபெயர்க்க ஒரு தமிழ் அன்ரி வந்திருந்தா, மன்னார்ப் பக்கத்து ஆள். வந்து இருந்தோண்ணையே எனக்குச் சட்டம் சொல்லிப்போட்டா.

"அண்ணை, அவ சொல்லுறதை நான் சொல்லுவன். 'அவ சொல்லுறா' எண்டு சொல்லமாட்டன், 'நான்' எண்டுதான் சொல்லுவன். நீங்கள் இடையில ஒண்டும் திருத்தப்படாது."

"நான் ஏன் அக்கா திருத்துறன்? எனக்கு என்ர பேரையே திருத்தி எழுத வராது."

அன்ரி சிரிக்கேல்லை. தொழில் தெரிஞ்ச ஆள்.

எங்கட மேசையில எட்டுப் பேர். நடுவில முப்பது மட்டை. ஒவ்வொண்டிலயும் ஒரு கேள்வி. இரவு வேலை செய்யிற நேர்ஸ்மார் களைப்பில விடுற பிழையை எப்பிடிக் குறைக்கிறது? நோயாளி அடிச்சா நேர்சை ஆர் பாக்கிறது? பிள்ளை செத்துப் பிறந்த தாயை எந்த அறையில வைக்கிறது? அதை அன்ரி வாசிக்கேக்க மேசையில ஒரு பொடிச்சி எழும்பி வெளியில போயிட்டாள். கொஞ்சத்தால முகம் கழுவிக்கொண்டு வந்து திரும்ப இருந்தவள். இதெல்லாத்தையும் மேல கீழ எண்டு அடுக்கவேணும். கூட்டம் நடத்தின உயரமான வெள்ளைக்காரி சொன்னா, பின்னேரம் மூண்டு மேசையின்ர அடுக்கையும் சேர்த்துப் பாத்துப் பத்து எடுப்பினமாம். பதினோராவது போனா, போனதுதான்.

எது மேல போகும் எண்டு பாக்கிறது பொல்லாத வேலை. ஒருத்தரின்ர செத்த பிள்ளையை இன்னொருத்தரின்ர களைப்போட நிறுக்கவேணும். நான் பக்ரறியில விரிப்பு நிறுத்திருக்கிறன், இப்பிடி நிறுத்ததில்லை.

மனுசியின்ர கேள்வியும் மட்டையில இருந்துது. படிச்ச ஆக்கள் அதைத் தோய்ச்சு இஸ்திரி போட்டு வச்சிருந்தினம்: வீட்டுக்குப் போன தாய்மார் எல்லாருக்கும் தப்பாமல் நேர்ஸ் போன் எடுத்தா ஆபத்து குறையுமோ? அதுக்குப் பக்கத்தில இன்னொரு மட்டை. அது எங்கட மேசையில இருந்த ஒரு இளம் மருத்துவிச்சி குடுத்தது: விசாரிக்கேக்க தாய் தனியக் கதைக்க வழி செய்தா, வீட்டு ஆக்கள் சொல்லாமல் விடுறது வெளியில வருமோ?

அதை வாசிக்கக் கேட்டோண்ணை நான் மேசையில கிடந்த மஃபின் கேக் ஒண்டை எடுத்துப் பிச்சுத் தின்னத் துவங்கினன். ஆனா மேசையில ஆரும் அதைக் கணக்கெடுக்கேல்லை. "அது எல்லா நேர்சுக்கும் தெரிஞ்சதுதானே," எண்டு ஒராள் சொல்ல, மட்டை கடைசி வரிசைக்குப் போயிட்டுது. மருத்துவிச்சி மட்டும் சொன்னா, "தெரியும். ஆனா ஆர் செய்யிறது? 'குட்' எண்டு சொன்னா நாங்கள் சரி போட்டிட்டு அடுத்த நம்பரை அடிக்கிறம்."

பிறகு மனுசியின்ர முறை. அவ சொல்லச் சொல்ல அன்ரி 'நான்' 'நான்' எண்டு இங்கிலிசில சொன்னா. நான் தலையிடியோட இருந்தன். எனக்கு அது என்னெண்டு தெரியாது. ஒருத்தரும் கேக்கேல்லை. ஒரு போன் வந்திருந்தா நான் சொல்லியிருப்பன். என்ர பிள்ளைக்கு நான் இந்தக் கையால தலை இழுத்துப் பின்னினதில்லை.

எனக்கு எதிரில ஒரு வயசு போன நேர்ஸ் இருந்தவ, வேலையால ஓய்வு பெற்ற ஆள். அவ எழும்பி வந்து மனுசிக்கு முன்னால முட்டுக்காலில இருந்தவ. விளங்காத கையைத் தூக்கித் தன்ர ரெண்டு கைக்குள்ளயும் வச்சவ. அழுதுகொண்டு சொன்னதை அன்ரி தமிழில சொன்னா:

"அந்த வருசங்களில நான் இந்தப் பக்கத்து வீடுகளுக்குப் போன் எடுத்தனான். நாங்கள் எல்லாருக்கும் எடுக்கிறனாங்கள். உங்களை எப்பிடி விட்டம் எண்டு எனக்கு விளங்கேல்லை. நாங்கள் உங்களைக் கைவிட்டிட்டம். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அண்டைக்குப் போனில கேட்ட குரலோ? எனக்குத் தெரியாது. பதின்மூண்டு வருசம் போனா எல்லாக் குரலும் ஒண்டுதான். ஆனா மேசையில ஆரோ மனுசியின்ர மட்டையைத் தூக்கி எல்லாத்துக்கும் மேல வச்சிட்டினம். முதலாவது. ஒருத்தரும் மறுக்கேல்லை. மருத்துவிச்சியும் தலையாட்டினா.

நான் இருந்து பாக்கிறன். படிச்ச சனம் முப்பது பேர், அடுத்த கொஞ்ச வருசத்துக்கு எல்லா வீட்டுக்கும் போன் போகுதோ எண்டு ஆராயப்போகினம். போன் போனதுதான். வந்த போனை எடுத்த விசரன், முன்னுக்கு மஃபின் திண்டுகொண்டு இருக்கிறான். வாய்க்குள்ள இருந்த துண்டை விழுங்கவும் ஏலேல்லை, துப்பவும் ஏலேல்லை. கிழவி இன்னும் முட்டுக்காலில. எழும்ப ஏலாமல் வீல்செயார்க் கைப்பிடியைப் பிடிக்கிறா. செய்யாத பிழைக்கு.

முதலில பகிடியாத் துவங்கினன். என்ர குணம் அது. "அக்கா," எண்டன் அன்ரியிட்ட, "உதவியாள் கதைக்கலாமோ எண்டு கேளுங்கோ."

வெள்ளைக்காரி ஓமெண்டா.

"போன் வந்தது," எண்டன். தமிழில. "நான்தான் எடுத்தனான்."

அன்ரி என்னைப் பாத்தா. பதின்மூண்டு வருசத்தில அப்பிடி ஒருத்தர் என்னைப் பாத்ததில்லை. பிறகு தொழிலுக்கு வந்து, நேரா முன்னுக்குப் பாத்துக்கொண்டு சொன்னா, "த போன் கேம். ஐ ஆன்சர்ட் இற்." என்ர குற்றம் அவவின்ர வாயால 'ஐ' எண்டு வந்துது. பாவம் அந்த அன்ரி, மன்னாரில இருந்து வந்து என்ர பாவத்தைத் தன்ர பேரில சொல்லவேண்டிக் கிடந்துது.

மிச்சத்தையும் சொன்னன். பேஸ்மென்றைச் சொன்னன். தலையிடி கேட்டதையும், எனக்கு விளங்கினதையும் சொன்னன். பகிடி விட்டதையும் சொன்னன். அதுக்கு ஒருத்தரும் சிரிக்கேல்லை. முட்டுக்காலில இருந்த கிழவியை மருத்துவிச்சி பிடிச்சு எழுப்பிக் கதிரையில இருத்தினா. நான் சொல்லி முடிக்கும்வரை மனுசி என்ர முகத்தைப் பாக்கேல்லை. என்ர கையைத்தான் பாத்துக்கொண்டிருந்தா. மஃபின் தூள் ஒட்டின கையை.

"நான் அப்ப எங்க இருந்தனான்?" எண்டு கேட்டவ.

"கட்டிலில. பால் குடுத்துக்கொண்டு."

"என்னட்ட என்ன சொன்னனீங்கள்?"

"போன் கொம்பனி எண்டன்."

"அவ என்னோட கதைக்கக் கேட்டவவோ?"

"கேட்டவ. முதலே கேட்டவ."

அவவுக்குச் சொல் வர நேரம் எடுக்கும் எண்டு எல்லாருக்கும் தெரியும், ஆருமே அவசரப்படுத்தேல்லை. பிறகு இடது கையை நீட்டினா. முதலாவதா இருந்த தன்ர மட்டையில விரலை வச்சு, கீழ தள்ளினா. ரெண்டாவதைத் தாண்டி, அஞ்சாவதைத் தாண்டி, மேசை விளிம்பு மட்டும் தள்ளினா. அது விழப்போக மருத்துவிச்சி பிடிச்சவ. பிறகு கடைசி வரிசையில கிடந்த மருத்துவிச்சியின்ர மட்டையை எடுத்து, அந்த வெறும் இடத்தில வச்சா. அன்ரியிட்டச் சொன்னா:

"இதுதான் என்ர கேள்வி எண்டு சொல்லுங்கோ. மற்றது இவரின்ர பொய்."

அன்ரி அதை 'மை குவெஸ்சன்' எண்டே இங்கிலிசில சொன்னா.

பின்னேரம் மூண்டு மேசையையும் சேர்த்தாப் பிறகு, அந்த மட்டை ஏழாவது வந்துது. மற்ற மேசையள் அதைக் கீழ வச்சிருந்தவையாம், எங்கட மேசைதான் தூக்கினது. ஏழு காணும். பத்துக்குள்ள. வெள்ளைக்காரி சுவரில ஒட்டிக்காட்டினா. எல்லாரும் கை தட்டினம். மனுசி ஒரு கையால கதிரையில தட்டினா. நான் தட்டினனானோ எண்டு ஞாபகமில்லை. கிழவி நேர்ஸ் போகேக்க என்னட்ட வந்தவ. அடிக்கப்போறா எண்டு நினைச்சன், அடிச்சிருந்தா நல்லது. "நான் திரும்ப ஒருக்காக் கேட்டிருக்கவேணும்," எண்டு மட்டும் இங்கிலிசில சொன்னா. அது எனக்கு நல்லா விளங்கினது.

பஸ்ஸில றைவர் வீல்செயாரைப் பெல்ற் போட்டுக் கட்டினார். நான் பக்கத்துச் சீற்றில இருக்கப்போக, மனுசி தன்ர பையை அதில வச்சிட்டா. நான் பின்னுக்குப் போய் இருந்தன். மோர்னிங்சைட் மட்டும் அவவின்ர தொப்பியைத்தான் பாத்துக்கொண்டு வந்தன்.

வீட்டுக் கதவு திறக்க முதல் ஒண்டு சொன்னா. "பிள்ளைக்கு நீங்கள்தான் சொல்லவேணும். நான் சொல்லமாட்டன்."

சொன்னன். குசினி மேசையில மகள் பள்ளிக்கூட வேலை செய்துகொண்டிருந்தவள். ரெண்டு தரம் துவங்கி ரெண்டு தரமும் பகிடியாப் போயிட்டுது. மூண்டாந்தரம் சரியா வந்துது. மகள் பென்சிலை மேசையில வச்சாள்.

"அப்ப நான் எங்க?"

"அம்மாவின்ர மடியில."

"ஸோ ஐ வோஸ் ரைற் தேர்." பிறகு கேட்டாள், "அந்த நேர்ஸின்ர பேர் என்ன?"

"தெரியாது. சொன்னவ. நான் கேக்கேல்லை."

"யூ டிடின்ற் ஈவன் லிசன் டு ஹேர் நேம்." அவள் கத்தேல்லை. அப்பிடியே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தாயின்ர அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்தினவள். உள்ள ரெண்டு பேரின்ர குரலும் கேட்டுது. நான் சோறு போட்டன். மூண்டு கோப்பை. ரெண்டைக் கதவடியில வச்சன். பேந்து பாக்கேக்க மகளின்ரயைக் காணேல்லை, மனுசியின்ர அப்பிடியே கிடந்துது.

இது நடந்து ஒரு மாசத்துக்கு மேல. மனுசி என்னோட கதைக்காமல் இல்லை. உப்பைத் தாங்கோ, மாத்திரை முடிஞ்சுது, பஸ் வந்திட்டுது. தேவையான அளவு. நான் பகிடி விடுறதை நிப்பாட்டேல்லை. அதை நிப்பாட்டினா எனக்கு வேற ஒண்டும் தெரியாது. ஆனா வீட்டில ஒருத்தரும் சிரிக்கிறேல்லை. போன கிழமை பிரஷர் பாக்கக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனன். பதின்மூண்டு வருசமா நேர்ஸ் கேட்டா நான்தான் பதில் சொல்லுறனான், மனுசி பக்கத்தில இருப்பா. அண்டைக்கும் பழக்கத்தில தள்ளிக்கொண்டு உள்ள போகப் பாத்தன். மனுசி இடது கையால சில்லைப் பிடிச்சு நிப்பாட்டினா.

"நீங்கள் வெளியில."

நேர்ஸ் விளங்கிக்கொண்டு, மொழிபெயர்க்கப் போனில ஒரு தமிழ் அன்ரியைப் பிடிச்சுத் தந்தா. நேர்சே வீல்செயாரைத் தள்ளிக்கொண்டு உள்ள போய், கதவைச் சாத்திட்டா. நான் நடையில இருந்த கதிரையில இருந்தன். உள்ள நேர்ஸ் கேக்கிறதும், போனில தமிழ்க் குரல் வாறதும், மனுசி ஆறுதலாச் சொல்லுறதும் கேட்டுது. சொல் ஒண்டும் பிடிபடேல்லை. அஞ்சு நிமிசத்தில முடியிற விசயம், அண்டைக்கு அரை மணித்தியாலம் போச்சு. இவ்வளவு நேரம் சொல்ல அவவிட்ட என்ன கிடந்துது? பதின்மூண்டு வருசம் நான் 'குட்' எண்டு சொல்லி முடிச்சதெல்லாம் என்ன?

வெளியில வந்தோண்ணை கேக்கப்படாது எண்டு எனக்குத் தெரியும். கேட்டுப்போட்டன்.

"நேர்ஸ் என்ன சொன்னவ?"

"வேற மாத்திரை தந்திருக்கிறா. ரத்தம் எடுக்கவேணுமாம்."

"ஏனப்பா? உமக்கு உடம்புக்கு ஏதும் செய்யுதோ?"

மனுசி மடியில கிடந்த கையை மற்றக் கையால எடுத்து நேரா வச்சா.

"செய்யுது," எண்டா. "கன காலமா."

லிஃப்ற் வந்துது. நான் தள்ளினன்.